ஒன்பது மணி சிஸ்டர்

மழை பெய்கிறது என்று யாராவது சொன்னால் சிஸ்டர் ஜன்னல் வரை நடந்துபோய்க் கையை வெளியே நீட்டிப் பார்த்துவிட்டுத்தான் குடையை எடுப்பார். டாக்டர் வந்துவிட்டார் என்று வாட்ச்மேன் சொன்னால், வாசலுக்கு வந்து டாக்டரின் ஸ்கூட்டரைக் கண்ட பிறகுதான் எங்களை வரிசையில் நிற்கச் சொல்வார். எல்லாரையும் பொய்யர்கள் என்று அவர் நினைத்ததாக நான் சொல்லமாட்டேன். அடுத்தவர் வாயிலிருந்து வருவது அவருக்குப் போதாது, அவ்வளவுதான். "நீ பாத்தியா?" என்று கேட்பார். பார்த்தேன் என்று சொன்னால், "நான் பாக்கலயே" என்பார்.

பெங்களூரில் ஒரு பழைய அரசு ஆஸ்பத்திரி. அதன் பின்பக்கம், எக்ஸ்ரே அறையைத் தாண்டி, ஒற்றை ஜன்னல் வைத்த ஓர் அறை. ஹெராயின் பழக்கத்தில் விழுந்தவர்களுக்கு அதற்குப் பதிலாக ஒரு மாத்திரை கொடுக்கும் இடம் அது. ஹெராயினை நாங்கள் பவுடர் என்போம். அது இல்லாமல் உடம்பு படும் பாட்டை இந்த மாத்திரை அடக்கி வைக்கும். மனிதன் எழுந்து பல் தேய்த்து வேலைக்குப் போகலாம். ஆனால் தினமும் நேரில் வந்து, நர்ஸின் கண்முன்னால் போட வேண்டும் என்பது ரூல். சிஸ்டர் மாத்திரையைத் தாளில் மடித்து, பாட்டில் அடியால் நசுக்கித் தூளாக்கி எங்கள் நாக்குக்கு அடியில் கொட்டுவார். விழுங்கக் கூடாது, பேசக் கூடாது. கரைய ஐந்து நிமிஷமாவது ஆகும். அதுவரை எதிரே உட்கார்ந்து கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருப்பார். பிறகு சின்ன டார்ச்சை எடுத்து, "நாக்கத் தூக்கு" என்பார். சிலர் தூளைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு போய் வெளியே விற்றுவிடுவார்கள், இல்லையென்றால் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்வார்கள். அதற்காக வந்த ரூல் அது. அந்த ரூலுக்கென்றே பிறந்தவர் மாதிரி இருந்தார் சிஸ்டர்.

நான் ஒக்கலிபுரத்தில் குடியிருப்பவன், பீன்யாவில் லேத் ஆபரேட்டர். பவுடர் எனக்கு முதலில் புகையாக வந்தது, அப்புறம் ஊசியாக மாறியது. நாலு வருஷம் அப்படியே போனது. என் மனைவிதான் என்னை இழுத்துக்கொண்டு அந்த ஜன்னலுக்கு வந்தாள். கடைசியாக எப்போது போட்டுக்கொண்டாய் என்று சிஸ்டர் கேட்டார். நேற்றுக் காலையில் என்றேன். அவர் ஜன்னலுக்கு வெளியே வந்து என் இமையைத் தூக்கிப் பார்த்தார்.

"கண்ணு பாப்பா கடுகு மாதிரி இருக்கு. இன்னிக்கு காலைல போட்டிருக்க."

உண்மைதான். விடியற்காலையில் போட்டிருந்தேன். பவுடர் உடம்பில் இருக்கும்போதே இந்த மாத்திரையைக் கொடுத்தால், அது பவுடரை ஒரேயடியாகத் தள்ளிவிட்டு உடம்பைத் துடிக்க வைக்கும் என்று என் மனைவியிடம் விளக்கினார். என்னிடம் சொன்னது வேறு. "உக்காரு. கொட்டாவி வரட்டும், மூக்கு ஒழுவட்டும், தோல் புல்லரிக்கட்டும். அப்ப தரேன்."

நான் தமிழில் திட்டினேன், கன்னடத்தில் திட்டினேன். அவர் ஜன்னலுக்குள் போய் அடுத்தவரைக் கூப்பிட்டார். இரண்டு மணிக்குக் கவுன்ட்டர் மூட வேண்டும். அன்றைக்கு மூன்று மணி வரை அவர் கிளம்பவில்லை. அரைமணிக்கு ஒருமுறை பெஞ்சுக்கு வந்து என் கையை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டுப் போனார். கடைசியில் தோல், உரித்த கோழி மாதிரி ஆனபோது, "இப்ப வா" என்றார். அன்று சாயங்காலம் நான் என் மகளோடு உட்கார்ந்து சோறு சாப்பிட்டேன். கடைசியாக அப்படிச் சாப்பிட்டது எப்போது என்று எனக்கு ஞாபகமே இல்லை.

சிஸ்டர் தினமும் தங்கவயலிலிருந்து ரயிலில் வருவார். சுரங்கம் மூடிய பிறகு அந்த ஊரில் பாதி ஜனம் பெங்களூருக்கு வேலைக்கு வருகிற ரயில் அது. நாலு மணிக்கு எழுந்து சமைத்து, கூட்டத்தில் நின்றுகொண்டே வந்து சேர்வார். காண்ட்ராக்ட் வேலை. ஆனாலும் அவர் இருந்தவரை ஒன்பது மணிக்கு அந்த ஜன்னல் திறக்காமல் நான் பார்த்ததில்லை. ஏன் இப்படி எதையும் நம்பாதவராக ஆனார் என்பதற்கு எங்கள் வரிசையில் ஆளுக்கொரு கதை வைத்திருந்தார்கள். வீட்டுக்காரர் குடிகாரர் என்றான் ஒருவன். தம்பி ஏமாற்றிச் சொத்தை எழுதிக்கொண்டான் என்றான் இன்னொருவன். நான் அவரிடம் எதையும் கேட்டதில்லை. கேட்டிருந்தால், நீ பார்த்தாயா என்றுதான் அவர் சொல்லியிருப்பார்.

நானும் அவரை ஒருமுறை ஏமாற்றப் பார்த்தேன். பாபு என்று எனக்கு ஒரு சிநேகிதன். ஒரே தெரு, ஒரே ஸ்கூல், பவுடருக்கும் ஒன்றாகவே போனோம். ஒருநாள் ஆஸ்பத்திரி கேட்டுக்கு வெளியே உடம்பு முறுக்கிக்கொண்டு நின்றான். உள்ளே வரப் பயம். ஆதார் கார்டு இல்லாமல் பேர் பதியமாட்டார்கள் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். கொஞ்சம் தூளாவது கொண்டு வா என்று கெஞ்சினான். நான் தூளை ஈறுக்கும் கன்னத்துக்கும் நடுவில் ஒதுக்கினேன். டார்ச் நேராக அங்கேதான் வந்தது.

"யாருக்கு?" என்று கேட்டார். சொன்னேன். டிஷ்யூவில் துப்பச் சொல்லி, அதைச் சாக்கடையில் கொட்டிவிட்டு, என்னை அங்கேயே உட்காரவைத்துவிட்டு கேட்டுக்குப் போனார். பத்து நிமிஷத்தில் பாபுவை முழங்கையைப் பிடித்து அழைத்துவந்தார். கார்டு இல்லை என்று டாக்டர் தயங்கியபோது, ஆள் நிற்கிறான், நடுங்குகிறான், கார்டு வந்து நடுங்கிக் காட்டுமா என்று சிஸ்டர் கேட்டாராம். பாபு பிறகு இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான். பழைய ரேஷன் கார்டை வைத்துப் பேர் எழுதினார்கள்.

ஒருமுறை கேட்டுக்கு வெளியே ஒரு கான்ஸ்டபிள் பாபுவின் சட்டையைப் பிடித்துக்கொண்டார். பாக்கெட்டில் போதை மாத்திரை இருந்தது என்றார். சிஸ்டர் யூனிஃபாரத்தோடு தெருவுக்கே வந்து நின்றார். "தோர்ஸி சார், நானு நோட்பேக்கு." காட்டுங்கள், நான் பார்க்க வேண்டும். கான்ஸ்டபிள் காட்டினார். அது வாயு மாத்திரை. சிஸ்டர் அதை வாங்கிப் பேரைச் சத்தமாகப் படித்து, பாபுவின் பாக்கெட்டிலேயே திரும்பப் போட்டுவிட்டு உள்ளே வந்தார்.

இப்படிப்பட்டவரிடம்தான் நான் மூன்று நாள் மாத்திரையைக் கையில் கேட்டேன். ஆம்பூரில் என் அப்பா இறந்துவிட்டார் என்று போன் வந்தபோது நான் அந்த ஜன்னலில்தான் நின்றிருந்தேன். அன்றைய மாத்திரை போட்டாகிவிட்டது. நான் நிற்கவே முடியாமல் நின்றதை அவர் பார்த்தார். ஆனாலும் இல்லை என்றார். வீட்டுக்குக் கொடுத்தனுப்ப ரூல் கிடையாது. "நான் பாக்காம இங்கேர்ந்து ஒரு மாத்திர வெளிய போவாது" என்றார்.

போனேன். மறுநாள் அடக்கம். எனக்கும் மொட்டை அடித்தார்கள். ஒரு நாள் மாத்திரை இல்லாமல் உடம்பு தாங்கும். இரண்டாம் நாள் எலும்புக்குள் யாரோ கம்பி முறுக்குகிற மாதிரி ஆரம்பித்துவிடும். அடக்கத்துக்கு அடுத்த நாள் காலையில் பால் தெளிக்க வேண்டும். அண்ணன் பால் சொம்போடு இடுகாட்டுக்குக் கிளம்பியபோது நான் ரயில்வே ஸ்டேஷனுக்குக் கிளம்பினேன். அண்ணன் வாசலில் நின்று கேட்டார். "அப்பாவ விட அது பெருசா பூட்ச்சா உனுக்கு?"

அவருக்கு மாத்திரை வேறு, பவுடர் வேறு என்று தெரியாது. நானும் சொன்னதில்லை. அதோடு என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார்.

ஜன்னலுக்கு வந்து சேர்ந்தபோது மணி பதினொன்று. சிஸ்டர் என் மொட்டைத் தலையைப் பார்த்தார். மாத்திரையை நசுக்கினார். தூள் நாக்கடியில் இருந்ததால் வாயைத் திறந்து அழ முடியவில்லை. மூக்கு வழியாகவும் கண் வழியாகவும் அழுதேன். அவர் எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். முடிந்ததும் அன்றைக்கும் டார்ச்சை எடுத்தார். எனக்கு அவரை அறைந்துவிடலாமா என்றிருந்தது. அவர் தன் டிபன் பாக்ஸை ஜன்னல் வழியாக என் பக்கம் தள்ளினார். நான் தொடாமல் போய்விட்டேன்.

ஒரு மாதம் கழித்து என்னை உள்ளே கூப்பிட்டார். மேஜை டிராயரிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினார். சாவு, பிரசவம் மாதிரி சமயத்தில் நோயாளிக்கு இரண்டு மூன்று நாள் மாத்திரை கையில் கொடுக்கலாமா என்று அவர் டாக்டர் மூலமாக மேலே எழுதிக் கேட்டிருந்தார். கீழே ஒரே வரியில் பதில், அப்படி வழி இல்லை என்று.

"நான் கேட்டேன். இல்லன்ட்டாங்க. நீயே பாத்துக்க" என்றார்.

அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்டிருக்கிறார் என்று வீட்டுக்குப் போகிற பஸ்ஸில்தான் எனக்கு உறைத்தது.

அதற்குச் சில மாதத்தில் கொரோனா வந்தது. ரயில் இல்லை, பஸ் இல்லை, தெருவில் நின்றால் போலீஸ் அடி. அதுவரை இல்லாத வழி ஒரே வாரத்தில் பிறந்தது. எல்லாருக்கும் ஒரு வாரத்து மாத்திரையைக் கையில் கொடுத்தனுப்பலாம் என்று ஆர்டர் வந்தது. டாக்டர் படித்துக் காட்டினார். சிஸ்டர் அதை வாங்கித் தானே இரண்டு தடவை படித்தார். கொடுப்பேன், ஆனால் பார்ப்பேன் என்றார்.

எப்படி என்று மறுநாள்தான் தெரிந்தது. காலை ஒன்பது மணிக்கு என் மனைவியின் போனில் வீடியோ கால். ஆஸ்டின் டவுனில் இருந்த தன் தங்கை வீட்டில் தங்கி, அங்கிருந்து நடந்தே ஆஸ்பத்திரிக்கு வந்துகொண்டிருந்தார் சிஸ்டர். மாத்திரையைக் காட்டு, நசுக்கு, போடு, நாக்கைத் தூக்கு. எங்கள் வீட்டில் வெளிச்சம் போதாது என்று என்னை மொட்டை மாடிக்கு ஏறச் சொன்னார். தினமும் காலையில் நான் ஆகாயத்தைப் பார்த்து வாயைப் பிளந்துகொண்டு நிற்பதைப் பார்த்து எதிர்வீட்டு அம்மாள், அதென்ன யோகாசனம் என்று என் மனைவியிடம் கேட்டாள். போன் இல்லாதவர்கள் பக்கத்து வீட்டுப் போனில் வர வேண்டும். ஒருவன் கோதுமை மாவை நாக்கடியில் போட்டுக்கொண்டு காட்டினான். மாவு கரையாது என்பது அவனுக்குத் தெரியவில்லை. சிஸ்டருக்குத் தெரிந்தது. இன்னொருவன் மாத்திரையை விற்றான், அவனையும் பிடித்தார். இருவரையும் மறுபடி தினமும் ஜன்னலுக்கு வரவைத்தார்.

எங்களில் மற்றவர்களுக்கு அந்த நாட்கள் நல்ல நாட்களாக இருந்தன என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். பீன்யாவில் யூனிட் திறந்ததும் முதல்முறையாக நான் முழு ஷிஃப்ட் வேலை செய்தேன். அதுவரை தினமும் பதினொரு மணிக்கு உள்ளே போய் சூப்பர்வைசரிடம் திட்டு வாங்குகிறவன். பாபுவுக்கு ஒயிட்ஃபீல்டில் ஒரு ஹோட்டல் சமையலறையில் வேலை கிடைத்தது. தங்க இடமும் அங்கேயே. வாரம் ஒருமுறை வந்து மாத்திரை வாங்கிக்கொண்டு போவான். கன்னம் சதை போட்டு, பள்ளிக்கூடத்தில் பார்த்த மாதிரி ஆகிவிட்டான்.

கொரோனா அடங்கியதும் பழைய ரூல் திரும்பி வந்தது. தினமும் நேரில் வர வேண்டும். ஒயிட்ஃபீல்டிலிருந்து வந்து போக பாபுவுக்கு அரை நாள் போகும். ஹோட்டல்காரர் இரண்டு வாரம் பொறுத்தார். பிறகு வேலையா ஆஸ்பத்திரியா என்று கேட்டார். பாபு வேலையைத்தான் எடுத்துக்கொண்டான். ஆறாம் நாளிலிருந்து அவன் போன் எடுக்கவில்லை. சிஸ்டர் தினமும் ஒன்பது மணிக்கு அவனுக்கு அடித்துக்கொண்டிருந்தார்.

ஒருநாள் வாட்ச்மேன் வந்து, பாபு என்ற பையனைச் சவக்கிடங்குக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள், பஸ் ஸ்டாண்ட் கழிப்பறையில் கிடந்தானாம், கையில் ஊசியாம் என்று சொன்னான். சிஸ்டர் நம்பவில்லை. பாபு என்று ஆயிரம் பேர் இருப்பார்கள் என்றார். என்னையும் வா என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தார். உள்ளே போனதும் துணியை விலக்கச் சொன்னார். கிட்டப் போய் ரொம்ப நேரம் பார்த்தார். பாபுதான். நான் ஒரு பார்வைக்கு மேல் பார்க்கவில்லை. திரும்பி வந்து கை கழுவினார், ஜன்னலைத் திறந்தார், அடுத்தவரைக் கூப்பிட்டார். நசுக்கிய தூள் பாதி தாளுக்கு வெளியே கொட்டியது. அவர் கை அப்படித் தவறி நான் பார்த்தது அந்த ஒருமுறைதான்.

அடுத்த மாதம் மேலேயிருந்து அதிகாரிகள் மூன்று பேர் பார்வையிட வந்தார்கள். எங்களில் சிலரையும் உட்காரவைத்தார்கள். வருகிறவர்கள் ஏன் குறைந்துவிட்டார்கள் என்று கேட்டார்கள். டாக்டர் மாத்திரையைக் கையில் கொடுத்தால் நல்லது என்று மெல்ல ஆரம்பித்தார். அதிலே பெரியவர், கொடுத்தால் மார்க்கெட்டுக்குப் போய்விடும் என்று வெட்டினார். பிறகு சிஸ்டரைப் பார்த்தார். சிஸ்டரின் கண்டிப்பைப் பற்றி அவருக்கு யாரோ சொல்லியிருக்க வேண்டும். இவர்களை நம்ப முடியுமா, நீங்களே சொல்லுங்கள் என்றார்.

"நம்ப வேணாம் சார். நானும் நம்பறதில்ல" என்றார் சிஸ்டர்.

"ஆனா நான் பாத்தத சொல்றேன். வேல இல்லாதவன் தெனம் வர்றான். வேல கெடச்சவன் நின்னுட்றான். மாத்திர குடுக்கறதே அவன் வேலைக்குப் போவணும்னுதானே சார். வேலைக்குப் போனா மாத்திர இல்லன்றோம். நேத்து வரைக்கும் நல்லா இருந்த பையன நான் இதே ஆஸ்பத்திரி மார்ச்சுவரில போய் பாத்தேன். நீங்க யாரும் பாக்கல."

பெரியவர் ஏதோ எழுதிக்கொண்டார்.

அந்த வருஷம் சிஸ்டரின் காண்ட்ராக்ட் புதுப்பிக்கப்படவில்லை. இடம் குறைத்துவிட்டார்கள் என்று டாக்டர் சொன்னார். பேசியதற்காகத்தான் என்று வரிசையில் சொன்னார்கள். எனக்குத் தெரியாது. கடைசி நாளும் ஒன்பது மணிக்குத் திறந்து, இரண்டு மணிக்கு மூடி, டிபன் பாக்ஸைப் பையில் போட்டுக்கொண்டு ரயிலுக்குப் போனார். சில மாதம் கழித்து, நீண்ட நாளாக ஒழுங்காக வருகிறவர்களுக்கு ஒரு வாரத்து மாத்திரை கையில் கொடுக்கலாம் என்று அந்த ஜன்னலில் நோட்டீஸ் ஒட்டினார்கள். தங்கவயலுக்குப் போன் போட்டுச் சொன்னேன். போட்டோ எடுத்து அனுப்பு என்றார்.

அப்படிக் கிடைத்த ஒரு வாரத்து மாத்திரையோடுதான் அப்பாவின் மூன்றாம் வருஷப் படையலுக்கு முந்தின நாளே ஆம்பூர் போனேன். அண்ணிதான் வரச் சொல்லியிருந்தார். அண்ணன் வா என்று மட்டும் சொன்னார். சாயங்காலம் நான் கழற்றி மாட்டிய சட்டையிலிருந்து மாத்திரை அட்டை கீழே விழுந்தது. அண்ணன் எடுத்துப் பார்த்தார். இன்னும் இதை விடவில்லையா என்றார். இது அது இல்லை என்று நான் சொல்லச் சொல்ல அவர் முகம் இறுகிக்கொண்டே போனது. இதை யார் உனக்குக் கொடுத்துப் பழக்கியது என்று கேட்டார். எனக்கு வேறு வழி தெரியவில்லை. சிஸ்டருக்கு அடித்து, ஸ்பீக்கரில் போட்டு, போனை அண்ணனிடம் கொடுத்தேன்.

இதை எத்தனை நாளைக்குச் சாப்பிட வேண்டும் என்று அண்ணன் கேட்டார். சொல்ல முடியாது, சிலருக்கு வருஷக்கணக்கில், சிலருக்குக் கடைசிவரை என்றார் சிஸ்டர். அங்கே குக்கர் விசில் அடித்தது. அண்ணன் மாத்திரை அட்டையைத் திருப்பிப் பார்த்தபடி கேட்டார்.

"இவன நம்பலாமாம்மா?"

அந்தக் கேள்விக்கு அவர் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். போனைப் பிடுங்கிவிடலாமா என்று கை போனது.

"ஆறு வருஷம் பாத்தேன் சார். தெனம் வந்தாரு. நான் பாத்தது அந்த அஞ்சு நிமிஷம்தான். மிச்ச நேரத்த நான் பாக்கல. நீங்க கூடப் பொறந்தவரு. நீங்கதான் பாக்கணும்."

அண்ணன் சரிம்மா என்று சொல்லிப் போனைத் திருப்பிக் கொடுத்தார். மாத்திரை அட்டையைச் சட்டைப் பாக்கெட்டிலேயே வைத்தார். பின்பக்கம் போய்க் கைகால் கழுவிக்கொண்டு வந்து சாப்பிட உட்கார்ந்தார். என்னையும் உட்காரச் சொன்னார். பாதிச் சாப்பாட்டில், தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"காலைல எத்தினி மணிக்கு போடுவ அத?"

ஒன்பது என்றேன்.

அவர் சமையலறைப் பக்கம் திரும்பி அண்ணியிடம் சொன்னார். "படையல பத்து மணிக்கு வெச்சிக்கலாம்."